இருதயராஜ் ஓடிய முப்பத்தெட்டு விநாடிகள்

தொலைக்காட்சியில் ஒலிம்பிக் தொடக்க விழா ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாடாகக் கொடி பிடித்து வந்தார்கள். நான் முப்பது வருடம் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது சேர்ந்திருக்கும் விஜயா, ஏதோ ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்க வந்தவள், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க காலத்துல இதையெல்லாம் ஊருக்குக் காட்டுனதே நீங்கதானாமேம்மா? மைக்க வெச்சுக்கிட்டு நேரா பேசுவீங்களாம்?"

பேசியது உண்மைதான். வெளிநாடுகளிலிருந்து வரும் விளையாட்டுப் படங்களுக்கு, படம் ஓடும்போதே தமிழில் குரல் கொடுப்பது என் வேலை. எதைப் பேசினேன் என்பதைவிட எதைப் பேசாமல் விட்டேன் என்பதைத்தான் எழுத வேண்டும். அதைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியும்.

1955இல் வேலைக்குச் சேர்ந்தேன். புதுச்சேரியில் கொடி மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படி கைமாற்றம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்திருந்தேன், தட்டச்சுப் பள்ளியில் ஆங்கிலம். அந்த இரண்டையும் வைத்து விளம்பரப் பிரிவில் தற்காலிக மொழிபெயர்ப்பாளராக எடுத்தார்கள். முதல் ஆறு மாதம் பிலிம் ஒட்டவும், மைக்கின் முன் மூச்சு வாங்காமல் படிக்கவும் பழகினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

படங்கள் தகரப் பெட்டிகளில் வரும். எல்லாம் இலவசம். உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளும் அனுப்பின. நம்மை ஆண்டுவிட்டுப் போன நாடும் அனுப்பியது. நம் அரசும் அனுப்பியது. அணைக்கட்டுப் படம் என்றால் மண்டபத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். ஓட்டப்பந்தயம், கால்பந்து என்றால் அரியாங்குப்பத்திலிருந்துகூட ஆற்றைத் தாண்டி வருவார்கள். இது எல்லா நாடுகளுக்கும் தெரிந்திருந்தது. அதனால் தாங்கள் சொல்ல நினைத்ததை எல்லாம் ஓடுகிறவன் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள்.

என் மேலதிகாரியின் பெயர் கபிரியேல். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரசிதழ்ப் பகுதியில் எழுத்தராக இருந்து, கொடி மாறியபோது நாற்காலியோடு சேர்த்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தவர். ஐம்பது வயது. வெள்ளைக் கால்சட்டை, சைக்கிள், சட்டைப் பையில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலமாக இருக்கும் பென்சில். அவரை நாங்கள் எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்போம். என்னை அவர் 'மத்மசேல்' என்பார். கோபம் வந்தால் மட்டும் சரோஜா.

ஒரு படம் வந்தால் நாங்கள் செய்வது இதுதான். ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டிவிட்டு, காலையிலேயே மூன்று முறை ஓட்டிப் பார்ப்போம். முதல் முறை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட வேண்டும். கருவியை ஓட்டும் ரங்கன் அதற்கென்றே சத்தக் குமிழில் கை வைத்துக்கொண்டிருப்பான். வெளிநாட்டுக் குரல் என்ன சொல்கிறது என்று தெரிவதற்கு முன், நம் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று நான் எழுத வேண்டும். இரண்டாவது முறை முசே கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு காட்சியும் எத்தனை விநாடி என்று குறிப்பார். மூன்றாவது முறைதான் சத்தத்தோடு. பிறகு அவர்கள் அனுப்பிய உரையை நான் தமிழாக்கி அவர் மேசையில் வைப்பேன். விநாடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது.

அவர் பென்சிலை எடுப்பார். படத்தில் தெரிவதைச் சொல்லும் வரிக்கு நீலக் கோடு. தெரியாததைச் சொல்லும் வரிக்குச் சிவப்பு. முதல் வருடம் என் தாள்கள் எல்லாம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கும்.

1956இல் மெல்பர்னில் ஒலிம்பிக் நடந்த பிறகு, அங்கே நடந்த நீச்சல் போட்டிகளைப் பற்றி இரண்டு எதிர் நாடுகளின் படங்கள் ஒரே வாரத்தில் வந்தன. அவர் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டச் சொன்னார். முடிந்ததும் கேட்டார்.

"இன்னா பாத்த?"

"ரெண்டும் ஒரே குளம் முசே. ஒண்ணுல இவங்க ஆளு ஜெயிக்கறான். இன்னொண்ணுல அவங்க ஆளு ஜெயிக்கறான். வேற வேற போட்டிய வெட்டி எடுத்துக்கிட்டிருக்காங்க."

"பொன்," என்றார். பிரெஞ்சில் 'நல்லது'. "அது அரை பதில். மீதி?"

நான் என் குறிப்புத் தாளைப் புரட்டினேன்.

"தோத்தவன் மூஞ்சி ரெண்டு படத்துலயும் இல்ல. அவ்ளோ பேரு தண்ணியில குதிச்சாங்க, ஒருத்தன்தான் வெளிய வந்தான். மத்தவங்கள்லாம் முழுகிட்டாங்களா?"

அன்றிலிருந்து நான் எந்த விளையாட்டைப் பார்த்தாலும் முதலில் தோற்றவரைத்தான் தேடுகிறேன்.

அதே ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி தங்கம் வென்ற படமும் வந்தது. கூடவே வந்த உரையில் 'உலகமே எழுந்து நின்று வணங்கியது' என்றொரு வரி. அதற்கும் சிவப்பு. எனக்கு இருபத்தொரு வயது. விடுதலைக்காக ரோட்டில் கோஷம் போட்ட வீட்டிலிருந்து வந்தவள். கோபம் வந்துவிட்டது.

"நம்ம ஜெயிச்சதுக்குக் கூடவா முசே?"

"ஜெயிச்சது படத்துலயே தெரியுதே. அது மேல நீ எதுக்குச் சாயம் அடிக்கற? எழுந்து நிக்கறது ஒரு பத்து பேரு. அதுல ரெண்டு பேரு வூட்டுக்குக் கெளம்பறான்."

ரங்கன் திருப்பி ஓட்டிக் காட்டினான். உண்மையாகவே இரண்டு பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியை நானே அடித்தேன்.

இனி அந்த முப்பத்தெட்டு விநாடிக்கு வருகிறேன்.

அது 1961. பல நாட்டு ராணுவ வீரர்கள் கலந்துகொண்ட ஓட்டப்பந்தயங்களைப் பற்றி, நம்மை முன்பு ஆண்ட நாட்டிலிருந்து ஒரு படம் வந்தது. வழக்கம்போல் சத்தமில்லாமல் ஓட்டினோம். ஒரு தொடர் ஓட்டம். மூன்றாவது ஆளாகக் கோலை வாங்கி ஒருவன் ஓடத் தொடங்கினான். கறுத்து, மெலிந்து, நீளமான கைகள். காமிரா அவனை மட்டும் நெருக்கமாகத் துரத்திக்கொண்டு போனது.

ரங்கன் கத்தினான். "முசே, இது நம்ம குருசுக்குப்பம் இருதயம்! பெரிய மார்க்கெட்ல மீன் விக்குதே மேரியக்கா, அதோட தம்பி! கடலோரமா என்கூட ஓடுவான் முசே!"

இருதயராஜ் கொடி மாறுவதற்கு முன்பே சொல்தாவாகப் போனவன். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனவர்களை அப்படித்தான் சொல்வோம். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நம் ஊர் ஆள் ஒருவன் உலகத்துக்கு முன்னால் ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை சத்தத்தோடு ஓட்டியபோது அந்தக் குரல் அவன் பெயரைச் சொல்லவில்லை. 'தூரத்துக் கரையின் மைந்தன், தான் விரும்பி ஏற்ற தாய்நாட்டுக்காக மகிழ்ச்சியோடு ஓடுகிறான்' என்றது. அவன் கோலை அடுத்தவன் கையில் கொடுத்ததும் காட்சி மாறி, கொடிக் கம்பங்களும் வாத்தியமும் வந்துவிட்டன. பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று காட்டவே இல்லை.

அந்தப் படத்தைத் திரையிடும் விழாவுக்குத் தலைமை தாங்க ஊரின் பெரிய தலைவர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். படத்தை அனுப்பியவர்களின் பிரதிநிதியும் முன்வரிசையில் உட்காருவார். படத்தில் யார் ஓடுகிறார் என்ற செய்தி எப்படியோ வெளியே போயிருந்தது. தலைவரின் ஆள் ஒரு தாளோடு வந்தார்.

"அந்த எடத்துல இதப் படிச்சிடுங்க. ஐயா சொல்லச் சொன்னாரு."

தாளில் இருந்தது: 'வறுமையால் அந்நியக் கொடியின் கீழ் ஓட வைக்கப்பட்ட நம் இளைஞன், கண்ணீரோடு தாய்மண்ணை நினைத்து ஓடுகிறான்.'

முசே அதை வாங்கி, மரியாதையாக நன்றி சொல்லி, கோப்பில் வைத்தார். மறுநாள் படத்தை அனுப்பிய தரப்பின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, உரையை ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்க வேண்டும் என்று இனிமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் முசே நன்றி சொன்னார்.

"மகிழ்ச்சின்னு இவன் சொல்றான். கண்ணீருன்னு அவன் சொல்றான்," என்றார் என்னிடம். "நீ மூணு தபா பாத்தியே, மூஞ்சில இன்னா தெரிஞ்சுது?"

"வாயத் தொறந்து மூச்சு வாங்கறான் முசே. அவ்ளோதான்."

"அவ்ளோதான்."

இது இத்தோடு போயிருந்தால் எங்கள் இருவருக்கும் ஒரு நல்ல வேடிக்கையாக முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே மேரியக்கா அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"மீன் நாத்தம் அடிக்கும்மா. இங்கயே நிக்கறேன்."

முசே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டார். அவள் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அம்மா செத்தப்ப அவனுக்கு ஆறு வயசு. நான்தான் வளத்தேன். மாசம் ஒரு காயிதம் வரும். அப்பால இது வந்துச்சு. இது அவன் கையெழுத்தே இல்ல, வேற யாரோ எழுதிக் குடுத்திருக்கான். வண்டி கவுந்து கால்ல அடி, ஆஸ்பத்திரில இருக்கேன்னு போட்டிருக்குது. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல. நாலு மாசம் ஆவுது. ரங்கன் தம்பி சொல்லிச்சு, படத்துல ஓடறான்னு. ஓடறான்னா கால் நல்லாத்தான இருக்குது? அத மட்டும் சொல்லு தாயி."

ரங்கன் ஏற்கெனவே பிலிம் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். நானும் எழுந்துவிட்டேன். உடனே ஜன்னலை மூடிக் காட்டிவிட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

முசே கையைக் காட்டி நிறுத்தினார். அவள் முன்னால் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"ஓடறது நெஜம்மா. கால் நல்லா இருக்கறதும் நெஜம். ஆனா எப்ப எடுத்த படம்னு எனக்குத் தெரியாது. அடிபடறதுக்கு முன்னாடி எடுத்ததா இருந்தா? இப்ப காட்டினா நீங்க நிம்மதியா வூட்டுக்குப் போவீங்க. அது பொய் நிம்மதியா ஆயிடக்கூடாது. தேதிய கேட்டு எழுதறேன். வந்ததும் நானே வந்து சொல்றேன்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணுக்கு முப்பத்தெட்டு விநாடி சந்தோஷம் கொடுக்க இவருக்கு என்ன கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் அதற்குள் தாளைத் தட்டச்சில் செருகி, அவரே கடிதம் அடிக்கத் தொடங்கியிருந்தார். பந்தயம் நடந்த நாள் எது, அந்த வீரர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேள்விகள். அலுவலக முத்திரையோடு, படத்தை அனுப்பியவர்களுக்கு அன்றே அனுப்பினார். நான்கு நாள் கழித்து நினைவூட்டல். மறுபடி ஒன்று.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. பந்தயம் நடந்தது விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால். வீரர் உயிரோடு இருக்கிறார். காலில் இரண்டு அறுவை நடந்திருக்கிறது. இனி ஓட முடியாது.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு முசே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். நான் கூட நடந்தேன். குருசுக்குப்பத்தில் மேரியக்கா வலை காயப்போட்ட இடத்தில் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதை முதலில் சொன்னார். பிறகு காலில் நடந்த அறுவையை. பிறகு தேதியை. பிரெஞ்சுக் கடிதத்தை வரிவரியாக அவளுக்குப் படித்துத் தமிழில் சொன்னார்.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"உசிரோட இருக்கான்னு எழுதியிருக்குதுல்ல?"

"எழுதியிருக்குது. முத்திரை இருக்குது."

"அப்ப அந்த நல்ல காலையாவது ஒரு தபா பாத்துக்கறேன்."

திரும்பி வரும் வழியில் முசே என்னிடம் சொன்னார். "உன் வேலை இன்னும் நெரந்தரம் ஆவல. முன்வரிசையில ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க. பயமா இருந்தா சொல்லு, மைக்குல நான் படிக்கறேன்."

அவர் குரல் கரகரப்பானது. மைக்கில் தாங்காது. ஆனால் நான் அதற்காக மறுக்கவில்லை.

"நானே படிக்கறேன் முசே."

அந்த இரண்டு நாளும் நான் அந்த முப்பத்தெட்டு விநாடியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ரங்கன் பதினைந்து முறையாவது ஓட்டியிருப்பான். இருதயராஜ் கோலை வாங்கும்போது அவனுக்கு முன்னால் எத்தனை பேர், வளைவில் யாரைத் தாண்டுகிறான் என்று ஒவ்வொருவராக எண்ணினேன். முசே எண்ணிச் சரி பார்த்தார். நீலக் கோடுகள் மட்டும் போட்ட என் முதல் தாள் அதுதான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. கடற்கரைப் பக்கம் இருந்த மண்டபம் நிரம்பிவிட்டது. குருசுக்குப்பமே வந்திருந்தது. மேரியக்கா மூன்றாவது வரிசையில், துவைத்த சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். தலைவர் பேசினார், பிரதிநிதி பேசினார். விளக்கை அணைத்தார்கள். நான் திரைக்கு ஓரமாக, நீலக் காகிதம் ஒட்டிய சின்ன விளக்கின் கீழ் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் வேறு பந்தயங்கள்.

அவன் கோலை வாங்கினான். நான் படித்தேன்.

"இப்போது ஓடுபவர் இருதயராஜ். புதுச்சேரி, குருசுக்குப்பம். கோலை வாங்கும்போது அவருடைய அணி ஐந்தாவது. வளைவில் ஒருவரைத் தாண்டுகிறார். இப்போது இன்னொருவரை. மூன்றாவதாக வருகிறார்."

"ஓடுடா தம்பி!"

மேரியக்கா எழுந்து நின்றிருந்தாள். மண்டபமே எழுந்தது. நூறு குரல் ஒன்றாக ஓடு ஓடு என்றது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்ல வேளையாகப் படிக்க இன்னும் ஒரே வரிதான் இருந்தது. அவன் கோலைக் கொடுத்தான். கொடிக் கம்பங்கள் வந்தன. சத்தம் அடங்கியது. நான் படித்தேன்.

"பந்தயத்தின் முடிவு இந்தப் படத்தில் இல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அப்புறம் இன்னும் சிலர். முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்று அந்த ஒரு விஷயத்தில்தான்.

திங்கட்கிழமை இரண்டு புகார்கள் வந்தன. கபிரியேல் இன்னும் பழைய எஜமானர்களின் ஆள், தேசப்பற்று இல்லாதவர் என்று ஒன்று. கபிரியேல் தான் தின்ற உப்பை மறந்துவிட்டார் என்று மற்றொன்று. மேலிடத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. முசே அதை என் கையிலிருந்து வாங்கி, 'உரைக்கு நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விளக்கத்தைத் தயாரித்தார். ஒரே தாளில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் படத்தில் தெரிவது, ஓடுபவரின் பெயர், ஊர், விநாடிக் கணக்கோடு. இரண்டாவதில் எங்களுக்குத் தரப்பட்ட இரண்டு உரைகளும். மூன்றாவதில் நாங்கள் படித்தது. கீழே ஒரு வரி: 'மூன்றாவது பத்தியில், முதல் பத்தியில் இல்லாத சொல் ஏதேனும் இருந்தால் தண்டனைக்குக் காத்திருக்கிறேன்.'

மேலிடத்து அதிகாரி எங்கள் அறைக்கே வந்து படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை. என் பணி நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. முசேவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவே இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அந்த அதிகாரி வந்துபோன மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து, அடுத்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

1962இல் சட்டப்படியான கைமாற்றமும் முடிந்தது. இனி இந்தியக் குடிமகனா, பிரெஞ்சுக் குடிமகனா என்று ஊரில் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த மாதங்கள். அப்போது ஒரு நாள் காலையில் மேரியக்கா வந்தாள். கூட ஒருவன், கைத்தடி ஊன்றிக்கொண்டு. படத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பருத்திருந்தான். ரங்கன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா ஒரே பெருமை அடிக்குது," என்றான் இருதயராஜ் என்னிடம். "நான் ஓடனப்ப நீங்க இன்னா சொன்னீங்கன்னு மனப்பாடமா ஒப்பிக்குது. நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல."

படத்தை எப்போதோ திருப்பி அனுப்பியிருந்தோம். நான் கோப்பிலிருந்து தாளை எடுத்து, மைக்கில் படித்த அதே வேகத்தில் படித்தேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். 'மூன்றாவதாக வருகிறார்' என்றதும் கண்ணைத் திறந்தான்.

"மூணாவது இல்லீங்க. நாலாவது."

"படத்துல எண்ணினோமே," என்றேன். "முன்னாடி ரெண்டு பேருதான் இருந்தாங்க."

"காமிரா என்கூடவே வந்துச்சு. அதான் அவன் தெரியல. எங்க எல்லாருக்கும் ரொம்ப முன்னாடி ஒருத்தன் போய்க்கிட்டிருந்தான்."

நான் முசேவைப் பார்த்தேன். அத்தனை கவனமாக எண்ணி, வேலையைப் பணயம் வைத்து நாங்கள் சொன்ன உண்மையிலும் ஓர் ஆள் விடுபட்டிருந்தான். முசேவின் முகத்தில் வருத்தத்தை எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த நாட்டுக்காரன்?"

இருதயராஜ் யோசித்தான். "அது ஞாபகம் இல்லீங்களே முசே. உயரமா இருந்தான். கால் தரையில படறதே தெரியாது. இன்னா ஓட்டம் தெரியுங்களா! ஓடிக்கிட்டிருக்கறப்பவே அவனப் பாக்கணும்போல இருந்துச்சு."